பெயின்ட்டுக்கு அடியில் ஒரு பெயர்

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி பூசணி எழுதுகிறேன். நான் சௌக்கியம். நீயும் அத்தானும் அம்மாவும் உன் வாண்டு சுண்டெலியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இந்தக் காலத்தில் யாரடா கடிதம் எழுதுகிறான் என்று நீ உதட்டைப் பிதுக்குவது இங்கிருந்தே தெரிகிறது. என்ன செய்ய, கப்பலில் டீசல் தீர்ந்துவிட்டது. டீசல் இல்லாமல் ஜெனரேட்டர் ஓடாது. என் போன் இப்போது காகிதம் பறக்காமல் இருக்க வைக்கும் கல்லாகிவிட்டது. தண்ணீர்ப் படகு வரும் நாளில் இதைக் கொடுத்தனுப்பினால் கரையில் மாலுமிகள் நல இல்லத்தில் தபால்தலை ஒட்டிப் போட்டுவிடுவார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன், பதறாதே. கப்பல் முதலாளி கம்பி நீட்டிவிட்டார். சம்பளமும் இல்லை, கேட்டால் பதிலும் இல்லை. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும்போதே கோர்ட் அமீனா படகில் வந்து கேப்டன் அறைக் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டினார். சரக்கு சம்பந்தமாக ஏதோ வழக்காம். அது முடியும்வரை கப்பல் நகரக்கூடாது, பொறுப்பான ஆள் ஒருவர் கப்பலிலேயே இருக்க வேண்டும். கேப்டன் நெஞ்சுவலி என்று முன்பே கரைக்குப் போய்விட்டார். அவருக்கு அடுத்தவர் முந்தைய துறைமுகத்தில் இறங்கியவர் திரும்பவே இல்லை. "இங்க யாரு பொறுப்பு?" என்று அமீனா கேட்டதும் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல என்னைப் பார்த்தார்கள். சிரிக்காதே. அரிசியையும் தண்ணீரையும் இத்தனை நாள் அளந்து கொடுத்தவன் நான். ஸ்டோர் ரூம் சாவி என் கழுத்தில்தான் தொங்குகிறது. அப்படித்தான் ஒரு சமையல்காரன் ஒரு முழுக் கப்பலுக்குக் காவலன் ஆனான்.

மற்றவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் எங்கள் ஃபிட்டர் அண்ணனும் மட்டும் இருக்கிறோம். அடியில் ஊறும் தண்ணீரைக் கைப்பம்பில் இறைக்கிறோம். உடைந்த மரச் சட்டங்களை வைத்து, பாதியாக வெட்டிய பீப்பாயில் அடுப்பு மூட்டுகிறோம்.

தனியாகக் கிடக்கிறேன் என்று நினைக்காதே. எங்களைப் போல் கோர்ட்டில் மாட்டிக்கொண்ட கப்பல்கள் இங்கே இன்னும் ஆறு நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு காவல் ஆள். காலையில் எழுந்ததும் கப்பல் விளிம்புக் கம்பியில் ஒரு துணியைத் தொங்கவிடுவது இங்கே வழக்கம். 'நான் இருக்கிறேன்' என்று அர்த்தம். நான் என் ஏப்ரனைப் போடுகிறேன். பக்கத்துக் கப்பல்காரர் சிவப்புத் துண்டு போடுவார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு டீ இறங்கும்.

உன் வேலை எப்படிப் போகிறது? அந்தக் கம்பெனியின் சட்டப் பிரிவில் ஒரு நாற்காலி கிடைக்க நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். எனக்காக எங்கேயும் போய் நிற்காதே.

அம்மாவிடம் நான் குண்டாக இருப்பதாகச் சொல்லவும்.

உன் தம்பி


பிப்ரவரி 27

அன்புள்ள பூசணிக்கு,

உன் கடிதம் வரும்வரை இங்கே எல்லோரும் நலம். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

யார் பொறுப்பு என்று கேட்டால் வாயை மூடிக்கொண்டு நிற்கத் தெரியாதா உனக்கு? கடைக்குள் போகிறவன் 'சைக்கிளைக் கொஞ்சம் பார்த்துக்க' என்று சொல்லிவிட்டுப் போகிற மாதிரி நினைத்துக்கொண்டாயா? நாங்கள் இதைக் கப்பலைக் கைது செய்வது என்று சொல்வோம். சட்டப்படி கைதாவது கப்பல். நீயாகப் போய் அதோடு உன்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாய்.

அத்தான் இரண்டு நாளாக உலக வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பஸ் ஓட்டுகிறவர் அல்லவா, சாலை போட்டிருந்தால் இந்நேரம் வந்து உன்னை ஏற்றிக்கொண்டு போயிருப்பார். சுண்டெலிக்கு ஒரே கேள்விதான். மாமா கப்பலில் எலி இருக்கிறதா?

ஒரு நல்ல செய்தி. எங்கள் கம்பெனிச் சரக்கோடு ஒரு கப்பலும் அதே துறைமுகத்தில்தான் பிடிபட்டு நிற்கிறது. டிசம்பரில் போனில் பெருமையடித்தேனே, மேலாளர் என்னை நம்பிக் கொடுத்த முதல் பெரிய வழக்கு, அந்த உரக் கப்பல். அதற்கு ஒரு பறவையின் பெயர். ஆபீஸில் எல்லோரும் 'பறவைக் கேஸ்' என்றே சொல்வோம். அங்கே எங்களுக்கு நல்ல வக்கீல் இருக்கிறார். உன் விஷயத்தை அவர் காதில் போடப் போகிறேன். அதற்கு உன் கப்பலின் பெயரைப் பிழையில்லாமல் எழுது. உள்ளே என்ன சரக்கு, யாருடையது என்றும் எழுது.

சோப்பு, டார்ச், பாட்டரி, இரண்டு பனியன் அனுப்பியிருக்கிறேன். எங்கள் ஆபீஸின் மூன்று இலை போட்ட துணிப் பையில் வைத்திருக்கிறேன். போன தடவை கொடுத்த பையில் நீ அழுக்குத் துணிதான் அடைத்திருப்பாய் என்று தெரியும்.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். குண்டாக இருப்பதை நம்பவில்லை.

உன் அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே கடலும் நானும் சுகம். பார்சல் வந்தது. மூன்று இலைப் பையை அழுக்குத் துணிக்குப் போடவில்லை. சமையலறை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

கப்பலின் பெயரை மறுபக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். சரக்கு என்னவோ மூட்டை மூட்டையாக இருக்கிறது. இரும்பு மூடி போட்டு முத்திரை வைத்துவிட்டார்கள். அரிசி மூட்டையைத் தவிர வேறு மூட்டையை நான் எட்டிப் பார்ப்பதில்லை.

ஒன்று மட்டும் கேள். உங்கள் கம்பெனி வக்கீலை இதில் இழுக்காதே. தம்பிக்காக ஆபீஸ் ஆளை வேலை வாங்கினாள் என்று நாளைக்கு எவனாவது ஒருவன் வாய்க்கு வந்தபடி பேசுவான். மேலாளர் நம்பிக் கொடுத்த வழக்கு என்கிறாய். அதை ஜெயித்துக் காட்டு. நீ ஜெயித்தால் எனக்கு அதுவே பெரிய உபகாரம். வழக்கு என்று இருந்தால் ஒரு நாள் முடியத்தானே செய்யும், நானும் வருவேன்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மழைத் தண்ணீரைத் தார்ப்பாயில் பிடிக்கிறோம். ஃபிட்டர் அண்ணன் தூண்டில் போடுவார், நான் வறுப்பேன். இடுப்பு பெல்ட்டில் ஆணியால் இன்னொரு ஓட்டை போட்டிருக்கிறேன், அது வெயிலுக்கு. சுண்டெலியிடம் எலிகள் எங்களைக் கைவிட்டுப் போய் ரொம்ப நாளாகிறது என்று சொல்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

உன் தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள பூசணிக்கு,

அம்மாவின் முழங்கால் தேவலை. எனக்குத்தான் தலை சுற்றுகிறது.

நீ வேண்டாம் என்றால் விட்டுவிடுகிற ஆளா நான்? வக்கீலிடம் சொன்னேன். அவர் கோர்ட்டில் தேடிப் பார்த்துவிட்டு என்ன சொல்கிறார் தெரியுமா? அந்தப் பெயரில் எந்தக் கப்பல் மீதும் வழக்கே இல்லையாம். இரண்டு தடவை தேடச் சொன்னேன், இரண்டு தடவையும் இதே பதில். இல்லாத ஒரு வழக்குக்காக நீ அங்கே உட்கார்ந்திருக்கிறாய்.

சரி, கப்பல் எந்த நாட்டுக் கொடியோடு ஓடுகிறதோ அந்த நாட்டைப் பிடிப்போம் என்று போன் போட்டேன். அந்த நாட்டுக்குக் கடலே கிடையாது. போனை எடுத்தவர் வேறு ஏதோ நாட்டில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு கொடியை வாடகைக்கு விடுகிறார். நான் கேட்டதற்கெல்லாம் மெயில் போடுங்கள் என்பதைத் தவிர அவருக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. முதலாளியின் முகவரியைத் தேடினேன். அங்கே ஒரு பல் டாக்டர் இருக்கிறார். நல்ல மனிதர், வருத்தப்பட்டார்.

விதி இல்லாமல் இல்லை. முதலாளி கைவிட்ட மாலுமியைச் சொந்த ஊருக்கு அனுப்பி வைக்க வேண்டும் என்று நாடுகள் எல்லாம் கூடி உட்கார்ந்து எழுதி வைத்திருக்கின்றன. ஒரு வரி விடாமல் படித்தேன், நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் காவலுக்கு என்று கையெழுத்துப் போட்டவன் கோர்ட்டின் ஆள் ஆகிவிடுகிறான். அவனை யாரும் கைவிடப்பட்டவன் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தச் சந்தில் பார்த்து நீ போய் விழுந்திருக்கிறாய்.

வக்கீல் ஒரு வழி சொன்னார். முதலாளிகள் கப்பலை விற்றுப் பெயரை மாற்றுவார்கள், ஆனால் கப்பலுக்கு என்று உள்ள எண் கடைசிவரை மாறாதாம். பின்பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கும் என்கிறார். அந்த எண்ணை எழுது. காதில் பூ சுற்றாமல் எழுது.

எனக்குப் பயமில்லை. உன்னை நான் அங்கிருந்து இறக்கியே தீருவேன். எப்போது என்பதுதான் கேள்வி.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபிக்காதே. நான் நலம். இங்கே நடந்த ஒன்று மனசைப் பிசைந்துவிட்டது.

போன வாரம் ஒரு காலையில் பக்கத்துக் கப்பலில் சிவப்புத் துண்டைக் காணோம். தூங்குகிறார் என்று நினைத்தேன். மத்தியானமும் இல்லை. நானும் ஃபிட்டர் அண்ணனும் பாத்திரத்தைத் தட்டினோம், கத்தினோம். மற்ற கப்பல்களிலும் ஒவ்வொருவராக வெளியே வந்து எதையாவது தட்ட ஆரம்பித்தார்கள். கரையிலிருந்து ஒருவரும் வரவில்லை. பீப்பாயில் ஈரச் சாக்கைப் போட்டுக் கறும்புகை எழுப்பினோம். மறுநாள்தான் படகு வந்தது. மனுஷன் காய்ச்சலில் படிக்கட்டிலேயே விழுந்து கிடந்திருக்கிறார். உயிர் இருந்தது. தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் இடத்தில் இன்னொருவரைக் கொண்டுவந்து வைத்தார்கள். வந்தவருக்கு வழக்கம் தெரியாது. துணி போடு என்று நான் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுத்தேன்.

எண்ணைக் கேட்டாய். துரு தின்றுவிட்டது, பின்பக்கம் தொங்கிக்கொண்டு போனால்தான் படிக்க முடியும். எனக்கு நீச்சல் அவ்வளவாக வராது என்பது உனக்குத் தெரியும்.

ஃபிட்டர் அண்ணனுக்கு ஊருக்குப் போக அனுமதி வந்துவிட்டது. இந்தக் கடிதத்தை அவரே உன் கையில் கொடுப்பார். வயிறாரச் சாப்பாடு போடு. ஆனால் அவர் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, கதை அளப்பதில் மன்னன்.

வேலையைப் பார்த்துக்கொள் அக்கா.

உன் தம்பி


மே 15

தம்பிக்கு,

எல்லோரும் நலம். ஃபிட்டர் வந்தார். நன்றாகச் சாப்பிட்டார். கதை எதுவும் அளக்கவில்லை, நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

வெளிப்பக்கத்தில் துரு சுரண்டும்போது பெயின்ட் பெயர்ந்து விழுந்ததாம். அதற்கு அடியில் வெல்டிங் வைத்து எழும்பி நிற்கிற பழைய பெயரைக் கையால் தடவிப் படித்தாராம். அந்தப் பெயரை என்னிடம் சொன்னார். நீ கப்பலில் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் விற்றுப் பெயர் மாற்றினார்களாம்.

அமீனா வந்த அன்று யாரும் உன்னைப் பார்க்கவில்லையாமே. கையெழுத்துப் போடப் போனவர் அவர்தானாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்க தம்பிதான் என் கையிலருந்து பேனாவப் புடுங்கிக்கிட்டாரு. இது எங்க வீட்டுச் சரக்கு, நானே பாத்துக்கறேன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல."

எனக்குப் புரிந்தது. உன் வாயால் கேட்க வேண்டும். பழைய பெயர் ஒரு பறவையின் பெயரா? ஆம், இல்லை என்று மட்டும் எழுது.

அக்கா


ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பறவைகளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? இங்கே கம்பியில் வந்து உட்காருகிற பறவைகளுக்குப் பசி என்பது மட்டும் தெரியும்.

சரி, மழுப்பி என்ன ஆகப்போகிறது. அமீனா வருவதற்கு முன்பே மூட்டைகளைப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு மூட்டையிலும் மூன்று இலை. நோட்டீஸில் பழைய பெயர்தான் இருந்தது. டிசம்பரில் போனில் நீ எப்படிப் பேசினாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? ஒரு குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டாய். கப்பலில் ஆள் இல்லாமல் தண்ணீர் ஏறிச் சரக்கு நனைந்துபோனால் உன் முதல் வழக்கு என்னாவது? ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம் என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

மூட்டை ஒன்றுகூட நனையவில்லை. அதற்காகவாவது வேலையில் இரு. அவசரப்பட்டு எதையும் செய்துவிடாதே. நீ அந்த நாற்காலியை விட்டால் நான் இங்கே உட்கார்ந்திருந்தது எதற்கு?

உன் தம்பி


ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

படகு இரண்டு தடவை வந்துபோய்விட்டது. உன் கடிதம் இல்லை. அம்மாவுக்கு ஒன்றும் இல்லையே? கோபமா? கோபம் என்றால் திட்டியாவது எழுது. கைப்பம்பை இப்போது நான் ஒருவனே அடிக்கிறேன். ராத்திரியில் கை வலிக்கிறது. வேறு குறை ஒன்றும் இல்லை.

உன் தம்பி


ஜூலை 14

அன்புள்ள மடையனுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். கோபம்தான். திட்டுவதற்கு மட்டும் ஒரு காகிதம் எழுதினேன், அத்தான் வாங்கிப் படித்துவிட்டு, இதைப் போட்டால் கப்பல் முழுகிவிடும் என்று கிழித்துப் போட்டார். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "அவன் சின்னதுலருந்தே அப்படித்தான், அடுப்புல எது இருந்தாலும் நான் பாத்துக்கறேன்னு போய் நிப்பான்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

வேலைகள் நிறைய நடந்திருக்கின்றன. முதலில் மேலாளரிடம் போனேன். கப்பலில் ஆள் இருக்க வேண்டும் என்று கேட்கும் பத்தி எங்கள் மனுவில்தான் இருக்கிறது. எல்லாக் கம்பெனியும் போடுகிற பத்தி. கரையிலிருந்து காவல் படகு வைத்தால் செலவு, ஒரு மாலுமியை உட்கார வைத்தால் இலவசம். அந்தப் பத்தியை எடுத்துவிட்டு நாமே காவல் போடுவோம் என்றேன். அவர் நிதானமாகவே சொன்னார்: "கப்பல்ல ஆள் இல்லேன்னா சரக்கு போச்சும்மா. ஒரு ஆள் இருந்தாத்தான் கேஸ் நிக்கும்."

"அந்த ஆள் என் தம்பி சார்" என்றேன்.

கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார். "அப்ப இந்தக் கேஸை நீங்க தொடக்கூடாது" என்றார். அதில் தப்பே இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் நான் கேட்டதை மேலே அனுப்பினார். மேலே இருந்தவர்கள் ஒரே வரியில் முடியாது என்றார்கள். உலகம் முழுக்கச் சரக்கு அனுப்புகிறவர்கள், மனித உரிமை பற்றி வாசலிலேயே பலகை மாட்டியிருக்கிறார்கள். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நானும் உள்ளே போவேன்.

ஆகவே நீ இருக்கும் ஊர் கோர்ட்டிலேயே உன் அக்கா என்ற முறையில் மனுப் போட்டிருக்கிறேன். மாலுமிகள் சங்கத்து வக்கீலம்மா எடுத்து நடத்துகிறார். பழைய பெயரையும் புதுப் பெயரையும் சேர்த்துப் போட்டதும் இரண்டும் ஒரே கப்பல் என்று கோர்ட் உடனே ஏற்றுக்கொண்டது. எதிர்த்தரப்பு சரக்குக் கம்பெனி. அவர்கள் பக்கம் வக்கீல் யார் என்று கேட்காதே, உனக்காகக் கோர்ட்டில் தேடிப் பார்த்த அவரேதான். ஆகஸ்ட் முதல் வாரத்தில் உன்னைக் கோர்ட்டுக்குக் கூப்பிடுவார்கள். சலவைச் சட்டை போட்டுக்கொள். கேட்டதற்கு உண்மையைச் சொல், எனக்காக எதையும் மாற்றிச் சொல்லாதே.

பகல் வெளிச்சத்தில் எழுதுவதால் என் கையெழுத்து உனக்கே புரியும் என்று நினைக்கிறேன். ஆபீஸ் வழக்கம்போல் நடக்கிறது. அதைப் பற்றிக் கவலைப்படாதே.

கைக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். தேய்த்துக்கொள்.

அக்கா


ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நிலத்திலிருந்து எழுதுகிறேன். மாலுமிகள் நல இல்லத்தில் எனக்கு ஒரு கட்டில் கொடுத்திருக்கிறார்கள். அது ஆடாமல் நிற்பதால் தூக்கம் வரவில்லை. போனைச் சார்ஜில் போட்டுப் பார்த்தேன், உப்புத் தண்ணீர் அதைக் கொன்றுவிட்டது. கூப்பிட்டுப் பேசலாம் என்று இல்லத்தை நடத்தும் அம்மா தன் போனை நீட்டினார். குரல் உடைந்துவிடும் என்று எழுதவே உட்கார்ந்தேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. டாக்டர் பார்த்தார், சாப்பிடச் சொன்னார். சமையல்காரனிடம் சொல்கிற வைத்தியமா அது?

கோர்ட்டில் நடந்ததை முழுசாகச் சொல்கிறேன். நீதிபதி ஒரு பெண்மணி. கம்பெனி வக்கீல் எழுந்து, இவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவராக விரும்பித்தான் கையெழுத்துப் போட்டார், ஆள் இறங்கினால் கப்பல் முழுகும் என்றார். மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல எனக்கு வியர்த்துவிட்டது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நீதிபதி என்னைக் கேட்டார், விரும்பித்தான் போட்டீர்களா என்று. இல்லை என்று சொன்னால் தப்பிக்கலாம் என்று மனசு இழுத்தது. நீ எழுதியது நினைவுக்கு வந்தது.

"ஆமாங்கம்மா, விரும்பித்தான் போட்டேன். சரக்கு கெட்டுடக் கூடாதுன்னு போட்டேன். ஆறேழு மாசம் ஆயிடுச்சு. சரக்கு அப்படியே இருக்கு, என்னைப் பாருங்க" என்றேன்.

நீதிபதி பார்த்தார். இடுப்பில் பேன்ட் நிற்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். பூசணி இப்போது புடலங்காய் அக்கா. அவர் வக்கீல் பக்கம் திரும்பி, சரக்குக்குக் காவல் வேண்டும் என்றால் சரக்குக்குச் சொந்தக்காரர் சம்பளம் கொடுத்துக் காவல் போடட்டும், மனுஷனைப் பூட்டாக மாட்ட இந்தக் கோர்ட் இனி அனுமதிக்காது என்றார். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிப்பதற்குள் உன் வக்கீலம்மா என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அப்போதே புரிந்துவிட்டது.

கரையிலிருந்து முறை வைத்து இரண்டு காவல்காரர்கள் வந்தார்கள். சாவியைக் கொடுத்தேன். கைப்பம்பைக் காட்டினேன். ஏப்ரனையும் அவர்களிடமே விட்டுவிட்டேன், தினமும் காலையில் அதே கம்பியில் போடச் சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் மற்ற ஆறு பேரும் எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பாத்திரத்தைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். கோர்ட்டுக்கு வெளியே உங்கள் கம்பெனி வக்கீல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க அக்கா மட்டும் எங்க பக்கம் இருந்திருந்தா நாங்க இப்படித் தோத்திருக்க மாட்டோம்" என்று சிரித்தார். இருந்திருந்தால் என்றால் என்ன அர்த்தம்? பகலில் எப்படி உனக்குக் கடிதம் எழுத நேரம் கிடைத்தது? அக்கா, உன் நாற்காலி எங்கே?

ஒரு மாதத்தில் டிக்கெட் தருவார்கள். அதற்குள் பதில் போடு.

உன் தம்பி


ஆகஸ்ட் 20

என் பூசணிக்கு,

நீ கரையில் இருக்கிறாய் என்று படித்ததும் அம்மா கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு தெருக்கோடிவரை போய்விட்டாள், யாரிடமெல்லாம் காட்டினாளோ தெரியாது. நாங்கள் ரொம்ப ரொம்ப நலம். அத்தான் உன்னை ஏற்றிக்கொண்டு வர அன்றைக்கு லீவு போட்டாயிற்று. நீ சாப்பிடு, தூங்கு, அதைத் தவிர வேறு வேலை செய்யாதே.

நாற்காலியைக் கேட்டாயே. மேலேயிருந்து அந்த ஒரு வரி வந்த அன்றே, மே மாதக் கடைசியிலேயே, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டு உனக்காகப் பேச முடியாது. மேலாளர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். நீ வேலையை விடாதே என்று எழுதிய கடிதம் வந்து சேர்ந்தபோது நான் வீட்டில் உட்கார்ந்து உன் மனுவின் முதல் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தேன். என்ன பதில் போடுவது என்று தெரியாமல்தான் அத்தனை நாள் பேசாமல் இருந்தேன். நீ என் வேலைக்காகக் கப்பலில் உட்கார்ந்தாய், நான் உனக்காக வேலையிலிருந்து எழுந்தேன். நாம் இரண்டு பேரும் ஒரே அம்மா வயிற்றில் பிறந்தவர்கள்தான், அதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஒருநாள்கூட வருத்தப்படவில்லை. திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு.

சும்மா இருக்கிறேன் என்று நினைக்காதே. மாலுமிகள் சங்கத்து வக்கீலம்மா என்னைக் கூடவே வைத்துக்கொண்டார். சம்பளம் பழையதில் பாதிகூட இல்லை, வேலை இரண்டு மடங்கு. உன் தீர்ப்பைக் காட்டி மற்ற கப்பல்களுக்கும் மனுப் போடலாம் என்கிறார். ஆனால் அந்த ஆறு பேர் யார், எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியாது. அவர்கள் வீட்டிலும் என்னைப் போல ஒருத்தி இல்லாத பெயரில் வழக்கைத் தேடிக்கொண்டிருப்பாள்.

டிக்கெட் வருவதற்கு முன் ஒரு நாள் தண்ணீர்ப் படகில் ஏறிப் போ. உன்னைக் கப்பலில் ஏறச் சொல்லவில்லை, படகிலேயே இரு. துணி தொங்குகிற ஒவ்வொரு கப்பலாகப் போய்க் கூப்பிடு. அந்த ஆளின் பெயர், வீட்டு முகவரி, கப்பலின் பெயர், பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும் பெயர், நான்கையும் கேட்டு எழுதிக்கொள். மறக்காமல் அந்த மூன்று இலைப் பையில் போட்டு எடுத்துவா. பையைக் கிழித்துவிடாதே, இனிமேல் எனக்கு அது கிடைக்காது.

வாசலில் நிற்பேன்.

உன் அக்கா